வேட்பாளர் எங்கே?

"இது எங்கள எதுத்துப் போட்டி போடற அந்தச் செல்வப்பிரியா கட்சிக்காரங்க வேலைதானுங்க சார்! நேருக்கு நேர் நிக்கத் தைரியமில்லாம மொட்டைக் கடுதாசி போட்டிருக்கறாங்க!"

தனபாலுக்கு மூக்குக்கு மேல் கோபம். வராதா பின்னே? நாளைக் காலை கொல்லங்கோட்டில் கூட்டம். ஆயிரம் நோட்டீஸ் அச்சாகி, வாசலில் கட்டுக்கட்டாக இருக்கிறது. கொடுக்கக் கிளம்புகிற நேரம் பார்த்து, அந்தக் கடுதாசியோடு தேர்தல் பறக்கும் படை ஜீப் வந்து நிற்கிறது.

பஞ்சாயத்துத் தேர்தலில் அவருடைய வார்டு இந்த முறை பெண்களுக்குப் போய்விட்டது. மனைவி கோமதியை நிறுத்தினார். நிறுத்தியதோடு சரி. வீடு வீடாகப் போவது, பேசுவது, மாலை போட்டுக்கொள்வது எல்லாம் தனபால்தான்.

பறக்கும் படையின் மலையாளி அதிகாரி ஜிஜோ நோட்டீசைக் கையில் எடுத்தார்.

"தேர்தல் நோட்டீசில அச்சடிச்சவர் பேரு, வெளியிட்டவர் பேரு ரெண்டும் வேணும் சேட்டா. இதில் ஒண்ணும் இல்லை. எல்லாத்தையும் கொண்டுபோகணும்."

"ஏனுங்க, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா?" கோமதி வாயெடுத்தாள்.

"நீ போயி சாருக்குக் காப்பி போடு. சட்டமெல்லாம் உனக்குப் புரியாது."

கோமதி நகரவில்லை.

"தேதி, நேரம், இடம் மட்டும் சொல்ற கூட்ட நோட்டீசுக்கு அந்த விதி கெடையாதுங்க சார். விலக்கு இருக்குது. நல்லாப் படிச்சுப் பாருங்க!" என்றார் தனபால்.

ஜிஜோ படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சேட்டா சொன்னது சரியாக்கும். தேதி இருக்கு, நேரம் இருக்கு, இடம் இருக்கு. சிறப்புரை தனபால், கூட உங்க பெரிய போட்டோ. வேட்பாளரைப் புகழ்ந்து ஒரு வரி இல்லை. ஓட்டுப் போடுங்கன்னும் இல்லை."

"அதத்தானுங்க நானும் சொல்றேன்!"

"வேட்பாளர் பேரே இல்லையே சேட்டா!"

தனபால் நோட்டீசைப் பிடுங்கினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். எங்கே பார்த்தாலும் தன் மீசைதான் தெரிந்தது. மனுஷனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சார்... பேனாவுல எழுதிச் சேத்தலாங்களா?"

"கையால எழுதினா அச்சுக் கணக்கில வராது. தாராளமா எழுதுங்க."

ஜீப் போனதும் நோட்டீசையெல்லாம் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார் தனபால். ஒவ்வொன்றிலும் 'வேட்பாளர்: கோமதி' என்று எழுதினார். எதிரே உட்கார்ந்து கோமதியும் எழுதினாள். நூறு முடிவதற்குள் அவருக்கு விரல் வீங்கிவிட்டது.

"எல்லாம் அந்த மொட்டைக் கடுதாசியால வந்த வினை! எழுதுன ஆளு தைரியமாப் பேரைப் போட்டிருக்கலாமல்ல?"

கோமதி தலை நிமிராமலே சொன்னாள்:

"போடலாம்னுதானுங்க நெனச்சேன். நீங்க அடிச்ச நோட்டீசுலயே இல்லாத பேரு, நான் எழுதுன கடுதாசியில மட்டும் எதுக்குன்னு விட்டுட்டேன்."