எல்லோருக்காகவும் கேட்டவர்

“இந்த லைசென்ஸை எந்த அச்சகத்துல அடிச்சீங்க தம்பி?” என்று கேட்டபடி, அந்த வழுக்கைத் தலைக்காரர் சுவரில் மாட்டியிருந்த சட்டத்தைக் கழற்றி மேலாளரின் மேசைமேல் வைத்தார்.

கல்விக் கடன் வாங்கித் தரும் அந்த ஏஜென்சியின் கூடத்தில் பேச்சு நின்றது. மடியில் கோப்புகளோடு காத்திருந்த அப்பாக்களும் அம்மாக்களும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அதுவரை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது, பட்டமளிப்புத் தொப்பியை வானத்தில் எறியும் பிள்ளைகளின் படத்தையும் தூசி படிந்த ஒரு பிளாஸ்டிக் செடியையும்தான்.

வாசல் கதவு தரையில் சிக்கும். வந்த ஒவ்வொருவரும் தோளால் இடித்துத்தான் திறந்தார்கள். இவரோ கைப்பிடியைச் சற்றே தூக்கித் தள்ளி, சத்தமில்லாமல் உள்ளே வந்து, டோக்கன் நீட்டிய பெண்ணைத் திரும்பியும் பார்க்காமல் நேராக மேசைக்குப் போய்விட்டார்.

கடைசி வரிசையில் ஒரு தையல்காரம்மா மகளோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டிலிருந்த இரண்டு மெஷின்களில் நல்லதை விற்ற பணம் அவள் கைப்பையில் இருந்தது. மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது; வெள்ளிக்கிழமைக்குள் கட்டணம் கட்டாவிட்டால் அந்த இடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விடும்.

“பதிவு எண் கீழேயே இருக்கு சார்” என்றார் மேலாளர். சின்ன வயது, டை கழுத்தை இறுக்கியது.

“எண் என் பஸ் டிக்கெட்லயும்தான் இருக்கு.”

யாரோ சிரித்தார்கள்.

“கடன் தர்றது யாரு? நீங்களா, பேங்க்கா?”

“பேங்க்தான் சார். நாங்க ஃபைல் தயார் பண்ணி அனுப்புவோம்.”

“அப்ப பேங்க்ல யாரையாவது கூப்பிடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, எல்லாரும் கேக்கட்டும்.”

மேலாளர் தயங்கினார். “முகம் போற போக்கைப் பாத்தீங்களா?” என்றார் வழுக்கைத் தலைக்காரர், கூடத்தின் பக்கம் திரும்பி. மேலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு தன் போனில் எண்ணை அழுத்தினார். கல்விக் கடன் பிரிவு என்று சொல்லிக்கொண்ட ஒரு குரல், ஆமாம், அது நம்ம ஏஜென்சிதான் என்று அலுப்போடு சொல்லிவிட்டு வைத்தது.

“அது கிடக்கட்டும். கடன் குடுக்கிறவன் எதுக்கு முன்னாடியே பணம் கேக்கணும்? கையில பணம் இருந்தா நாங்க ஏன் இங்க வர்றோம்?”

“அது பரிசீலனைக் கட்டணம் சார். கடன் வரலைன்னா முழுசாத் திருப்பிக் குடுத்துடுவோம். எழுதிக் கையெழுத்துப் போட்டே தர்றோம்.”

“எழுதறதுக்கு என்ன, யார் வேணா எழுதலாம்.” அவர் மறுபடியும் கூடத்தைப் பார்த்தார். “ஏங்க, நீங்கள்லாம் படிச்சவங்கதானே? வாயைத் தொறந்து ஒரு கேள்வி கேக்க மாட்டீங்களா? பிள்ளையார் மாதிரி உக்காந்திருந்தா எவன்தான் ஏமாத்த மாட்டான்?”

கஞ்சி மொடமொடக்கும் சட்டை போட்ட ஒரு அப்பா, இது வேறு யாரையோ சொன்னது போலப் பலமாகத் தலையாட்டினார். மற்றவர்கள் வெட்கத்தோடு கோப்புகளைப் பார்த்தார்கள். ஆனாலும் எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி இருந்தது. கேட்க ஓர் ஆள் கிடைத்துவிட்டார்.

மேலாளர் நீட்டிய தாளை அவர் வரிவரியாகப் படித்தார். பின்பக்கம் புரட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நானும் எத்தனையோ எடம் ஏறி எறங்கிட்டேன். எவனும் இப்படிப் பொறுமையாப் பதில் சொல்லலை” என்று முணுமுணுத்தபடி பர்ஸை எடுத்து, முதல் ஆளாகக் கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்கினார்.

அதன்பின் வரிசை விறுவிறுவென்று நகர்ந்தது. எவரும் எதையும் கேட்கவில்லை. லைசென்ஸ் சட்டம் மேசைமேலேயே கிடந்தது. அதைக் குனிந்து பார்க்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

தையல்காரம்மாவின் முறை வந்தபோது மகள் கையைப் பிடித்தாள். “அம்மா, அந்த பேங்க் நம்பரை இவரேதான் போட்டாரு. பேங்க் எதுத்தாப்லதானே இருக்கு? ஒரு எட்டு போய்க் கேட்டுட்டு வந்துடலாம்.”

“அந்த மனுஷன் அந்தக் கிழி கிழிச்சிட்டு, அவரே கட்டிட்டாரு. அவருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சா? சும்மா வாடி.”

பணம் கை மாறியது. ரசீதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கடைசியாக இறங்கியவர்கள் அவர்கள்தான். படிக்கட்டின் கீழே நின்று சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்த வழுக்கைத் தலைக்காரரைப் பார்த்ததும் தையல்காரம்மாவுக்குக் கண் கலங்கியது. “நீங்க வந்ததால ஆச்சுங்க ஐயா. எங்களுக்கு இப்படியெல்லாம் கேக்கத் தெரியாது.”

“யாரையும் லேசுல நம்பிடக் கூடாதும்மா” என்றார் அவர். “நல்லாப் படி கண்ணு” என்று மகளிடம் சொல்லிவிட்டு, “கண்ணாடியை மேலேயே வெச்சுட்டேன் போலிருக்கு” என்று படியேறினார்.

கூடம் காலியாகியிருந்தது. மேலாளர் டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, சட்டத்தைச் சுவரில் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார்.

“கடைசியா வந்த பொண்ணு முறைச்சுக்கிட்டே இருந்துச்சு. நாளைக்கு இன்னும் கொஞ்சம் கோவமாக் கேளுங்க, மாமா.”