பலூன் மாமாவின் கிண்ணம்

"யாரும் எட்டிப் பார்க்காதீங்க, மாமாவுக்குக் கூச்சம்" என்று சொல்லிவிட்டு வெல்டர் தன் ஷெட்டின் தகரக் கதவை இழுத்துச் சாத்தினான்.

வெளியே நின்றவர்கள்: வெல்டரின் மனைவி, இஸ்திரி அக்கா, டயர் கடைக்காரர். உள்ளே இருந்தவர்கள்: வெல்டர், அவனுடைய தாய்மாமன். கூடவே ஒரு குடம் தண்ணீர், மருத்துவ வேனில் கொடுத்த நான்கு பிளாஸ்டிக் கிண்ணங்கள்.

மாமா லாரி ஓட்டி ஓய்ந்தவர். பாதம் இரண்டும் காற்றடித்த மாதிரி வீங்கிக் கிடக்கும். அதனால் தெருவுக்கே அவர் பலூன் மாமா. அவருக்குக் கிட்னி போய்விட்டது என்று தெருவே முடிவு கட்டியிருந்தது. எந்த டாக்டரும் சொன்னதில்லை. காட்டினால்தானே சொல்வதற்கு?

காலையில் தெருமுனையில் வேன் வந்து நின்றதிலிருந்து ஒருவர் காலும் தரையில் பாவவில்லை. டாக்டரம்மா மைக் பிடித்துப் பேசினாள். இந்தப் பக்கம் நிறையப் பேருக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கிறது, வலி தெரியாது, பழமும் காய்கறியும் தினமும் உள்ளே போனால் அதன் சுமை குறையும், சீக்கிரம் கண்டுபிடித்தால் காப்பாற்றிவிடலாம் என்றாள். சிறுநீரில் புரதம் இறங்குகிறவர்களுக்கு வாரம் ஒரு பெட்டி பழமும் காயும் வீடு தேடி வரும், ஒரு வருஷத்துக்கு, இலவசமாக. நன்றாக இருப்பவர்களுக்கு வாழ்த்து மட்டும்.

சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்தும் காட்டினாள். ஆப்பிள், ஆரஞ்சு, கேரட், பீன்ஸ், குழந்தைத் தலை அளவுக்கு ஒரு முட்டைக்கோஸ். அந்தத் தெருவில் காய் வாங்க வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். நடக்கிற தூரத்தில் கிடைப்பதெல்லாம் பாக்கெட் வறுவலும் உப்பு பிஸ்கட்டும்தான்.

வெல்டரின் மனைவி பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நம்ம பொண்ணு ஸ்கூல்ல ஆரஞ்சைத் தோலோட கடிச்சிருக்கா. டீச்சர் சொல்லிச் சிரிக்கிறாங்க. எனக்குத் தெரியாது, அந்தப் பெட்டி நம்ம வீட்டுக்கு வரணும்."

"நான் என்னோடதைக் குடுத்தா நூத்துக்கு நூறு வாங்கி ஃபெயில் ஆயிடுவேன்" என்றான் வெல்டர். "மாமாகிட்ட கேப்போம்."

யோசனை பிறந்த வேகத்தில் கசிந்தும் விட்டது. இஸ்திரி அக்கா தன் கிண்ணத்தோடு வந்து நின்றாள். டயர் கடைக்காரர் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடி வந்தார். வாழ்நாளில் முதல்முறையாக நாலு பேர் தன்னிடம் ஒன்றைக் கேட்டு வந்திருக்கிறார்கள் என்ற பெருமை மாமாவுக்குத் தாங்கவில்லை. வள்ளல் மாதிரி ஷெட்டுக்குள் போனார்.

நெடுநேரம் கழித்துக் கதவு திறந்தது. வெல்டர் நான்கு கிண்ணங்களையும் டீ தட்டு போல ஏந்தி வந்தான். இஸ்திரி அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு தன்னுடையதை வாங்கினாள். இன்னும் சுடுகிறதே என்றாள். சுட்டால்தான் நம்புவார்கள் என்றான் அவன்.

வேனில் டாக்டரம்மா எல்லார் எதிரிலும் ஒவ்வொரு கிண்ணத்திலும் சோதனைப் பட்டையை முக்கினாள். மஞ்சளாகவே இருந்தால் நல்லது, பச்சையானால் புரதம்.

டயர் கடைக்காரருக்கு மஞ்சள். டாக்டரம்மா வாழ்த்துச் சொல்ல, அவர் இழவு விழுந்த முகத்தோடு தலையாட்டினார்.

இஸ்திரி அக்காவுக்கும் மஞ்சள். இன்னும் கொஞ்சம் ஊறவைத்துப் பாருங்கள் என்று அவள் மல்லுக்கு நின்றாள்.

வெல்டரின் முறை வந்தது. அவன் மனைவி அவன் சட்டையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டாள். மஞ்சள். பளிச்சென்று மஞ்சள்.

எல்லார் பார்வையும் மாமா மேல் பாய்ந்தது. வீங்கின காலைக் காட்டி இத்தனை வருஷமாக ஊரை ஏய்த்திருக்கிறாய் என்று டயர் கடைக்காரர் பல்லைக் கடித்தார். பலூன் என்று பேர் வைத்தது நீங்கள்தானே, நானா கேட்டேன் என்றார் மாமா.

கடைசியாக மாமாவின் கிண்ணத்தில் பட்டை இறங்கியது. எடுத்தபோது அது கரும்பச்சை.

இஸ்திரி அக்காதான் முதலில் வெடித்தாள். "பாத்தீங்களா இந்தக் கெழவனை? நல்ல சரக்கைத் தனக்கு ஒதுக்கிக்கிட்டு, மட்டமானதை நம்ம தலையில கட்டியிருக்கான்."

சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. மாமாவுக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனால் பரிசு விழுந்தவர் மாதிரி எழுந்துவிட்டார். பெட்டியில் பாதி மருமகன் வீட்டுக்கு என்று அங்கேயே அறிவித்தார். வெல்டரின் மனைவிக்கு வாயெல்லாம் பல்.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. இது வெறும் பெட்டியோடு போகிற விஷயமில்லை, ரொம்ப நாளாகவே கெட்டிருக்கிறது, உடனே ரத்தம் எடுக்க வேண்டும், இந்தக் கிண்ணத்துக்காரர் மட்டும் உள்ளே வரட்டும் என்றாள்.

மாமா படியில் கால் வைத்தார். வெல்டர் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தான்.

"அவரை ஏன் தடுக்கிறீங்க?" மனைவி பதறினாள். "கைக்கு வந்த பெட்டி போயிடப் போகுது."

"எங்கேயும் போகாது, நம்ம வீட்டுக்குத்தான் வருது" என்றான் வெல்டர். "மூணு கிண்ணத்தோட மாமா காலி. ஒரு சொட்டு வரலை. நாலாவது என்னோடது."

அவன் படியேறி உள்ளே போனான். வேனின் கதவு அவனுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.