காக்கி படித்த பாடம்

"இந்தக் கோதாரிப் புத்தகத்தைத் திருப்பிக் குடுத்துப்போட்டு டெனிஷைப் படியன் தம்பி," என்றபடி மரியரட்ணம் தேநீரை வைத்தார். பனிக்குள் நடந்து வந்ததில் அவர் காதுகள் செக்கச்சிவந்திருந்தன. எந்தக் குளிருக்கும் அவர் தொப்பி போட்டதில்லை.

நித்தியானந்தன் சிரித்தான். டென்மார்க்கின் சில்க்போர்க் நகருக்கு வந்த நாள் முதல் அவனுக்குச் சோறு போட்டு, சுகமில்லாதபோது பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர்தான். மனைவி செல்வமலரைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் எண்பத்தேழிலிருந்து கொப்பன்ஹேகனில் கிடப்பில் கிடந்தது. அவன் உடைந்துபோன போதெல்லாம் தேற்றியவரும் அவரே. ஆனால் திருகோணமலைக்காரர் என்பதைத் தவிரத் தன் கதை எதையும் அவர் வாய் திறந்து சொன்னதில்லை.

புத்தகம் நூலகத்தில் எடுத்தது. பிரித்தானிய இராணுவம் போருக்குப் போர் எப்படி மாறியது என்று சொன்னது. ஊரில் சரித்திரம் படிப்பித்த நித்தி, அகராதியும் கையுமாக அதிலேயே விழுந்து கிடந்தான்.

"தென்னாபிரிக்காவில அடி வாங்கித்தான் சிவப்புச் சட்டையை விட்டுக் காக்கிக்கு மாறினவங்கள் அண்ணை. மலாயாக் காட்டுக்குள்ள பெரிய படை சரிவராதெண்டு சின்னச் சின்னக் கூட்டமாப் போகப் பழகினவங்கள்."

"அதுக்கு உனக்கென்ன?"

"அந்தப் பாடமெல்லாம் எங்கட சந்திக்கு எப்பிடி வந்ததெண்டு பாக்கிறன்."

மரியரட்ணம் உட்காரவில்லை. அந்தச் சந்தியின் கதை அவருக்குத் தெரியும். ஊர் ஆண்களையெல்லாம் இலங்கை ஆமி வரிசையில் விட்டது. இயக்கப் பெடியன்களை அடையாளம் காட்ட, சாக்கால் தலையை மூடிய ஒருவன் ஜீப்பில் இருந்தான். நித்தியின் தம்பி தவராஜா முன்னால் போனதும் சாக்கு ஆடியது. அவனை ட்ரக்கில் ஏற்றினார்கள். பிறகு ஆளே இல்லை. பின்னால் நின்ற நித்தி அதைக் கண்ணால் கண்டவன். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தச் சாக்குத்தான் வந்து நிற்கிறது, தம்பியின் முகம்கூட வருவதில்லை.

"இஞ்ச பாருங்கோ, கென்யா," நித்தி பக்கத்தைத் தட்டினான். "அங்கயும் முகத்தை மூடின ஒருத்தனை வைச்சுத்தான் ஆள் காட்டினவங்கள். எங்கட ஆமி அப்பிடியே பாத்துப் படிச்சிருக்கிறான்."

"படை படிச்சா என்ன, படிக்காட்டி என்ன. விடு."

"படையை விட்டிடுவன் அண்ணை. சாக்குக்குள்ள இருந்தவனை விடேலாது."

"கண்டா வெட்டுவியோ?"

"முந்தி அப்பிடித்தான் நினைச்சனான். இப்ப ஒண்டே ஒண்டு கேக்கவேணும். தவராஜா அவனுக்கு என்ன செய்தவன்? ஒரு பகையும் இல்லாமல் ஒருத்தன் தலையாட்டுவானே? அது தெரிஞ்சாத்தான் எனக்கு நித்திரை வரும்."

மரியரட்ணம் யன்னலோரம் போய் நின்றார். வெளியே ஏரியும் கரையும் ஒரே வெள்ளையாய்க் கிடந்தன. அவர் தோள்கள் குலுங்குவதைப் பார்த்து நித்தி பதறி எழுந்தான்.

"உன்ர தம்பி ஒண்டும் செய்யேல்லை," என்றார் அவர், திரும்பாமலே. "கண்ணுக்குள்ள வேர்வை வடிஞ்சுது, அதை உதறத்தான் நான் தலையை ஆட்டினனான்."