சந்தேகப் பேர்வழி

"அக்கா கெட்டுப் போயிட்டா என்ன செய்வீங்க?"

மெக்கானிக் எழுந்து இப்படிக் கேட்டதும் மண்டபமே திரும்பிப் பார்த்தது.

பஸ் தொழிலாளர் சங்கத்தின் கூட்டம். நாற்பது நாள் வேலைநிறுத்தத்தை ஜெயித்துக் கொடுத்து, அதற்காகச் சிறைக்கும் போய்வந்த டிரைவர் அக்காவை அப்போதுதான் ஒருமனதாகத் தலைவியாக்கியிருந்தார்கள்.

மெக்கானிக்குக்குப் பணிமனையில் பட்டப்பெயரே 'சந்தேகம்'. புத்தம்புது வண்டி வந்தாலும் அடியில் படுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

"நமக்காகக் கம்பி எண்ணினவங்கய்யா! உம்ம நாக்குல என்ன சனியா?" கண்டக்டர்தான் முதலில் கத்தினார்.

"இன்னிக்கு நல்லவங்க, சரி. நாளைக்கு? ரெண்டு வருஷத்துக்கு மேல யாரும் தலைவரா இருக்கக் கூடாது. பாதிப் பேர் கையெழுத்துப் போட்டா எப்ப வேணும்னாலும் இறக்கலாம். இதை விதியில சேருங்க."

"அவங்க மேலயே சந்தேகமா?"

"டிரைவர் கெட்டவர்ங்கிறதாலயா வண்டியில பிரேக் வைக்கிறோம்?"

"நன்றி கெட்டவன்!" யாரோ கசக்கி எறிந்த காகிதம் அவர் தோளில் பட்டு விழுந்தது. அவர் உட்காரவில்லை.

அக்கா தலை நிமிரவேயில்லை. "ஓட்டுக்கு விடுங்க" என்றார் மெதுவாக.

முணுமுணுத்துக்கொண்டே கை தூக்கினார்கள். மூன்றே ஓட்டு வித்தியாசத்தில் விதி தப்பிப் பிழைத்தது.

கண்டக்டருக்கு மனசு ஆறவில்லை. கூட்டம் கலைந்ததும் அக்காவுக்கு நாலு வார்த்தை ஆறுதல் சொல்லச் சங்க அறைக்குப் போனார்.

உள்ளே மெக்கானிக்! மன்னிப்புக் கேட்க வந்திருப்பார் என்று நினைத்துக் கண்டக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

ஆனால் கைகூப்பி நின்றது அக்கா.

"என்னால உங்களுக்கு எவ்வளவு பேச்சு! மன்னிச்சிடுங்கண்ணே."

"விடும்மா. இதை நீயே மேடையில சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னா, 'உங்களுக்கு எதுக்குக்கா விதி'ன்னு என்னைத் தலைமேல தூக்கி வெச்சு, விதியைத் தூக்கிப் போட்டிருப்பாங்க. அதனாலதானே உங்களைச் சொல்லச் சொன்னேன்!"

கண்டக்டர் கதவோரம் ஒதுங்கினார். உள்ளே அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா, நீங்க எழுந்து கேட்டப்ப, 'என்னையா சொல்றான் இவன்'னு எனக்கே சுருக்குனு கோவம் வந்துச்சுண்ணே. தலைவியாகிப் பத்து நிமிஷம்கூட ஆகலை!"