டோக்கன் வாங்கியவர்கள்

மேசையின் இந்தப் பக்கம் மக்கள் கண்காணிப்புக் குழுத் தலைவி. எதிரே, ஊர் மருத்துவமனையை நடத்தும் லாப நோக்கற்ற நிறுவனத்தின் மேலாளர். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வரும் பொதுமக்களுக்குப் போட்ட ஏழு நாற்காலிகளும் காலி. கதவுக்கு வெளியே பெஞ்சில் டோக்கனோடு ஏழு பேர்.

"பிரசவ வார்டை மூடறோம். ஊர்ல ஒருத்தர் ஆட்சேபிச்சாலும் சுகாதாரத் துறை விசாரணைன்னு விதி. ஈ, காக்கா வரலையே! கையெழுத்துப் போடுங்க மேடம்" என்றார் மேலாளர், முகமெல்லாம் பல்லாக.

வேறு வழியின்றித் தலைவி பேனாவைத் திறந்தபோது நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"சார், வெளியில இருக்கறவங்க நம்பரை எப்போ கூப்பிடுவீங்கன்னு கேக்கறாங்க."

"டாக்டரைக் கேளுங்க சிஸ்டர்!"

"அவங்களுக்கு நோவு ஒண்ணும் இல்ல சார். கூட்டத்துக்கு வந்தவங்க. டோக்கன் இல்லாம யாரையும் உள்ள விடாதேன்னு நீங்கதானே வாட்ச்மேன்கிட்ட சொன்னீங்க? அதான் ஆளுக்கொரு டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருக்காங்க."

தலைவி துள்ளி எழுந்தார். "ஒண்ணாம் நம்பர், வாங்க உள்ள!"

வயிற்றைத் தாங்கியபடி ஒரு பெண் வந்தாள். "எனக்கு ஒம்பதாம் மாசம்மா. வார்டை மூடினா நான் எங்க போவேன்?"

ஏழு நாற்காலிகளும் நிறைந்தன. மேலாளரின் திறந்த வாய்க்குள் இப்போது அந்த ஈ தாராளமாகப் போய்வரலாம்.

தலைவி ஏழு ஆட்சேபணைகளையும் எழுதி, டோக்கன்களோடு உறையிலிட்டு ஒட்டி, சுகாதாரத் துறைக்கு அனுப்பினார், மேலாளரின் காரிலேயே.