முந்திச் சொன்னவள்

கணினித் திரையில் ராக்கெட் இன்னும் தரையில்தான் நின்றது. அதற்குள் ஒரு பெண்குரல், "கிளம்பிடுச்சு, கிளம்பிடுச்சு" என்று அழுதது.

கஜிவாராவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஜப்பான் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ராக்கெட் பைத்தியங்களை இணையத்தில் ஒன்றாக உட்காரவைப்பவர் அவர்தான். இணைய வேகத்தால் யாருக்கு ஒளிபரப்பு சில நொடி முந்தி வந்தாலும் வாய் திறக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

"தபுச்சி அம்மா, இன்னிக்குத்தான் சேர்ந்தீங்க. முந்திச் சொல்லிக் கெடுக்காதீங்க. சரக்கு ராக்கெட்டுக்கு அழுகை வேறயா? உள்ள ஆளா போறாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் அந்த அம்மாவின் மைக்கை அணைத்தார். சற்றுப் பொறுத்து எல்லோர் திரையிலும் ராக்கெட் எழும்பியது. கைதட்டி ஓய்ந்த பிறகு மைக்கைத் திறந்துவிட்டார்.

"இப்பப் பேசுங்க. எந்தக் கம்பெனி இணைப்பு? எங்களுக்கும் சொல்லுங்க."

"நான் ஒளிபரப்பே பார்க்கலைங்க. ஏவுதளத்துக்கு எதிர்க்கரையில நிக்கறேன். எங்க வீட்டுக்காரர் அஸ்தி அதுலதான் போகுது. 'கடற்காக்கை'ன்னு பேர் வச்சுக்கிட்டு உங்ககூடப் பார்ப்பாரே, அவர்தான். 'நான் கிளம்பினதும் முதல்ல அவங்ககிட்ட சொல்லிடு'ன்னு கேட்டுக்கிட்டாரு."

பதில் சொல்ல வாயெடுத்த கஜிவாரா, தன் மைக்கைத் தானே அணைத்துக்கொண்டார்.