அட்டையில் வரைந்த கட்டைகள்

ஏழு வருடமாக ஷாரோன் கீபோர்டைத் தொடவில்லை. "ஞாயித்துக்கெழம சர்ச்சுல அந்தப் பாட்டை வாசிக்க முடியலன்னா சொல்லும்மா, வேற ஆளப் பாத்துக்கலாம்" என்று பாஸ்டர் சொன்னதும் அவளுக்குச் சுருக்கென்றது. "நானே வாசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள்.

ஒரகடத்து வாடகை அறையில் கீபோர்டுக்கு எங்கே போவது? கம்பெனி பேக்கிங் அட்டையில் மார்க்கரால் கட்டைகளை வரைந்து, ஷிப்ட் முடிந்து வந்ததும் அதில் விரல் ஓட்டிப் பழகினாள்.

"கடைசி வரில ஒரு எடத்துல இடிக்குதுடி" என்றாள் கட்டிலில் படுத்திருந்த அறைத்தோழி மதிவதனி.

"அட்டைக்கு இன்னாடி சத்தம்? கலாய்க்காத."

ஆனால் அந்த இடத்தில்தான் அவளுடைய நாலாவது விரல் தவறியிருந்தது.

ஞாயிறு காலை பிசகில்லாமல் வாசித்தாள். பாஸ்டரை ஒரு முறை முறைத்துவிட்டு வெளியே வந்தபோது போன் அடித்தது.

"நைட் ஷிப்ட் முடிச்சு இப்பதான் படுத்தேன். போர்வைய வெலக்கக்கூட முடியல, அதான் போன் பண்றேன். சத்தத்தக் கொறைடி" என்றாள் மதிவதனி.

"நான் சர்ச்சுல கீறேன்டி."

"அப்ப இங்க வாசிக்கிறது யாரு? கடைசி வரி இன்னும் இடிக்குது."

போனில் அந்தப் பாட்டு ஷாரோனுக்கும் கேட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாலாவது வெரலத் தூக்கி வெக்கச் சொல்லு."

மதிவதனி அட்டைப் பக்கம் திரும்பி அப்படியே சொன்னாள். அடுத்த தடவை கடைசி வரி சுத்தமாக வந்தது.